அப்பா அம்மா மூன்று மாதம் தங்க வருகிறார்கள், எப்படித் தயாராவது?

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். கணவர் அந்த நாட்டுக்காரர், உங்கள் மொழி அவருக்குத் தெரியாது. ஆறு வயதில் ஒரு மகள். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். அறுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக விமானம் ஏறி, மூன்று மாதம் உங்களோடு தங்க வருகிறார்கள். எங்கெல்லாம் அழைத்துப் போகலாம், எப்படிக் குறையில்லாமல் கவனித்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "அவர்கள் திரும்பிப் போகும்போது அப்பாடா என்று நினைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது பல வருடங்களாக என் வேலை. இந்த மாதிரி வருகைகளுக்கு முன்னால் வந்து பேசுகிறவர்களும் உண்டு, பின்னால் வருகிறவர்களும் உண்டு. பின்னால் வருகிறவர்கள்தான் அதிகம். சட்டமும் மருத்துவமும் என் துறை இல்லை. அந்தப் பக்கம் போகும்போது பொதுவான விஷயங்களை மட்டும் சொல்கிறேன், முடிவை உரியவர்களிடம் கேட்டு எடுங்கள்.

சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்காகச் சண்டை வந்த வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. விழுந்து விழுந்து கவனித்த வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள். ஊரில் வங்கி வேலையை அவரே பார்த்துக்கொள்வார், குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும், நாலு பேர் அவரிடம் யோசனை கேட்பார்கள். இங்கே வந்து இறங்கிய அன்று குளியலறையில் வெந்நீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும் என்பதற்கே மகளைக் கூப்பிட வேண்டும். அம்மா ஒரு வீட்டையே நடத்தியவர், இங்கே அடுப்பைப் பற்றவைக்கவும் கேட்க வேண்டும். நாற்பது வருடத் திறமை ஒரே நாளில் செல்லாக்காசு ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் பாசத்தோடு "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உட்காருங்க" என்கிறீர்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு ஒன்பது மணி நேரம் அவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து குறைகள் ஆரம்பிக்கும். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, குழந்தையை இப்படியா வளர்ப்பது, இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு தூசி. எரிச்சல் வரும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: யாரையும் கேட்காமல் அவர்களால் செய்ய முடிகிற காரியம் அந்த வீட்டில் குறை சொல்வது ஒன்றுதான்.

அதனால் என்னுடைய யோசனை பெரும்பாலும் ஒன்றே ஒன்று. உங்களைக் கேட்காமல் அவர்கள் செய்யக்கூடிய காரியங்கள் வாரா வாரம் கூடிக்கொண்டே போக வேண்டும்.

முதலில் சாவி. வீட்டுச் சாவி ஒன்று அவர்களுடையதாகவே இருக்கட்டும், காலையில் கொடுத்து மாலையில் வாங்குகிற சாவி வேண்டாம். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு என்றால் வாயால் விளக்கினால் போதாது, வெளியே நிற்கவைத்து ஒரு முறை அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். புகை எச்சரிக்கைக் கருவியையும் அதன் சோதனைப் பொத்தானை அமுக்கி அலறவைத்தே காட்டிவிடுங்கள். உள்ளூர் எண்ணோடு ஒரு கைப்பேசி வேண்டும். உள்ளூர் மொழியில் முகவரி எழுதிய அட்டை அப்பாவின் சட்டைப்பையில் ஒன்று, அம்மாவின் கைப்பையில் ஒன்று. இருவரும் எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அவசர எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110. எண்ணை மனப்பாடம் செய்வது சுலபம். அழைத்த பிறகு பேசுவதுதான் கஷ்டம். தாங்கள் பேசும் மொழியின் பெயரையும் வீட்டு முகவரியையும் மட்டும் சொல்லப் பழக்குங்கள். பல நாடுகளின் அவசர அழைப்பு மையங்களில் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் எந்த மொழி என்று முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு பாதை. கடையோ, பூங்காவோ, நூலகமோ, நடந்து போய்வரக்கூடிய ஓர் இடம். நூலகம் கிடைத்தால் ரொம்ப நல்லது: உட்கார இடம், கழிப்பறை, இதமான அறை, காசு கேட்க மாட்டார்கள். முதல் நாள் நீங்கள் முன்னால் நடங்கள், மறுநாள் பக்கத்தில். மூன்றாம் நாள் அவர்கள் முன்னால் போகட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் வாருங்கள். தப்பான தெருவில் திரும்பினாலும் சும்மா இருங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று சாலையைக் கடப்பது. வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் அறுபது வருடம் வாழ்ந்தவர், வலப்பக்கம் ஓடும் நாட்டில் பழக்கத்தில் தவறான திசையைப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைப்பார். இதைச் சலிக்கும் வரை சொல்லுங்கள்.

கையில் கொஞ்சம் உள்ளூர்ப் பணமும் இருக்கட்டும். ஒவ்வொரு விலையையும் ஊர்ப் பணத்துக்குப் பெருக்கிப் பார்த்துத் திடுக்கிடுவார்கள், அதைத் தடுக்க முடியாது. விலைச்சீட்டை மறைக்கப் பலர் படாதபாடு படுகிறார்கள். அதைவிட, ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் மாத வரவு செலவைச் சம்பளம் உட்படச் சொல்லிவிடலாம். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் வரவு தெரியாமல் செலவை மட்டும் பார்க்கிறவருக்கு, பிள்ளை கடனில் ஓடுகிறதோ என்ற பயம் வரும். "இதுக்கு இவ்வளவு விலையா" என்ற புலம்பலுக்குள் பெரும்பாலும் அந்தப் பயம் இருக்கிறது. வீட்டில் ஒரு பொறுப்பையும் முழுசாகக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அடுக்களை அம்மாவுடையது என்றால், அந்த இரண்டு நாளும் பாத்திரங்கள் இடம் மாறினால் மாறட்டும். இதைக் கணவரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

முதல் வாரத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நம் உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. அதனால் நாளை நீட்டுவது, அதாவது மேற்கே பறப்பது, உடலுக்குச் சுலபம். கிழக்கே பறந்து நாளைச் சுருக்குவது கஷ்டம். கிழக்கே போனால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமும், மேற்கே போனால் சுமார் ஒன்றரை மணி நேரமும் சரியாகும் என்பது பொதுக்கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும், எனவே இதைத் துல்லியமான அளவு என்று எடுக்க வேண்டாம். ஒன்பது மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சுற்றுலா வேண்டாம், சம்பந்தி வீட்டு விருந்து வேண்டாம், மனம்விட்டுப் பேச வேண்டிய விஷயங்களும் வேண்டாம். விடிகாலை மூன்று மணிக்கு விழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் எந்த அறையில் விளக்குப் போடலாம், எங்கே சத்தம் கேட்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டால், இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து பொழுது விடியக் காத்திருக்க மாட்டார்கள்.

பயணம் பற்றி இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்வதால் கால்களின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2007-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. அப்போதும் ஆரோக்கியமானவர்களில் அது 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான், பயந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் வந்து சில வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறலும் வந்தால், பயண அலுப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கே அழைத்துப் போவது? வாரத்துக்கு ஒரு வெளியூர்ப் பயணம் தாராளம். புகழ்பெற்ற இடங்கள் எந்த ஊரிலும் இருக்கும், உங்களுக்கே தெரியும். நான் கேட்டுக்கொள்வது, உங்கள் அன்றாட வழியைக் காட்டுங்கள் என்பதுதான். உங்கள் அலுவலகத்தை வெளியே நின்றாவது காட்டுங்கள். பேத்தியின் பள்ளி, நீங்கள் பேருந்து ஏறும் இடம், நள்ளிரவில் அவர்களுக்கு போன் செய்த அந்த ஜன்னல். பல வருடங்களாகக் காதால் மட்டும் கேட்ட வாழ்க்கை எங்கே நடக்கிறது என்று பார்க்கும் ஆசை அவர்களுக்கு இருக்கும். விடுமுறையை எல்லாம் முதல் இரண்டு வாரத்தில் தீர்த்துவிடாதீர்கள். அப்போது அவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். அலுப்புத் தட்டுகிற நடுப்பகுதிக்கும் கடைசி வாரத்துக்கும் மிச்சம் வையுங்கள்.

இனி உங்கள் கணவர். எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பகுதிதான், உங்கள் கேள்வியில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வீட்டில் எல்லாருக்கும் நடுவில் நிற்கப் போவது நீங்கள் ஒருவர்தான். அப்பா பேசுவது கணவருக்குப் போக வேண்டும், கணவர் எதற்குச் சிரித்தார் என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவு களைப்பான வேலை அது. நீங்கள் ஒரு முழுநாள் வேலைக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அதைத் தனியாகச் செய்யப் போகிறீர்கள். களைத்ததும் சுருக்க ஆரம்பிப்பீர்கள். அப்பா ஐந்து நிமிடம் சொன்ன கதை, "பழைய வேலையைப் பற்றிச் சொல்கிறார்" என்று ஒரு வரியாகும். அந்த இடத்தில்தான் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்குவார், அப்பாவும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அதனால் பேச்சு தேவைப்படாத வேலைகளில் அவர்களைச் சேர்த்துவிட்டு, நீங்கள் அந்த அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். சீட்டாட்டம், தோட்டவேலை, கழன்ற கதவைச் சரிசெய்வது, டிவியில் ஒரு விளையாட்டு, எதுவானாலும் சரி. நீங்கள் இல்லாதபோது கைச்சாடையிலும் கைப்பேசிச் செயலியிலும் சமாளித்துக்கொள்வார்கள். செயலி தப்பும் தவறுமாகச் சொல்லும், அதில் சிரிப்பும் வரும். மருந்து, பணம், மனவருத்தம் ஆகிய மூன்றுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

முணுமுணுப்புகளை மொழிபெயர்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. என் துறையிலேயே இதில் கருத்து ஒன்றாக இல்லை. என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சொல்லாத இனிப்பான வார்த்தையைச் சொன்னதாகச் சேர்க்கவும் கூடாது. முகத்தைப் பார்த்தே கணவருக்குப் புரிந்துவிடும். "இது எங்களுக்குள்ள விஷயம், அப்புறம் சொல்றேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பிறகு சொல்லவும் வேண்டும். மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தால் அது உங்கள் வாயிலிருந்து, உங்கள் முடிவாக வரட்டும். "அவருக்குப் பிடிக்காதும்மா" என்று அவர் தலையில் போடுவது அந்த நிமிடத்துக்கு வசதியானது. அவரால் எழுந்து வந்து விளக்கம் சொல்ல முடியாது. மூன்று மாதமும் அந்தப் பழி அவர் மேலேயே நிற்கும், மருமகனைப் பற்றி ஊருக்குப் போகும் செய்தியும் அதுவாகவே இருக்கும்.

மருத்துவமனை போக நேர்ந்தால் உங்கள் ஆறு வயது மகளை மொழிபெயர்க்கவைக்காதீர்கள். முடிந்தால் நீங்களும் செய்யாதீர்கள். சில உபாதைகளை அப்பா தன் மகள் வாயால் சொல்லவைக்க மாட்டார், இல்லை என்று தலையாட்டிவிடுவார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் அதைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பதே சட்டம். வேறு பல நாடுகளிலும் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

பேத்தியைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். குழந்தையை அடிப்பதைச் சட்டத்தால் முற்றிலும் தடுத்த முதல் நாடு ஸ்வீடன், 1979-இல். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அப்படிச் சட்டம் இருக்கிறது. தாத்தா பாட்டி சாதாரணமாக நினைக்கும் ஒரு தட்டு, கடையில் யாராவது பார்த்தால், உங்கள் வீட்டுக்கு அதிகாரிகளைக் கொண்டுவரலாம். இதை வந்த பிறகு சொன்னால் குற்றம்சாட்டுவது மாதிரி இருக்கும். கிளம்பும் முன்பே, சட்டம் இப்படி என்று போனில் சொல்லிவிடுங்கள்.

பண்பாட்டு அதிர்ச்சி பற்றி யாராவது உங்களிடம் ஒரு வளைகோடு வரைந்து காட்டியிருக்கலாம். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மெல்ல ஏற்றம் என்று. அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த நார்வேக்காரர்களை வைத்து 1955-இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வந்தது அது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை முழுசாக ஆதரிக்கவில்லை. நியூசிலாந்து போன ஜப்பானிய மாணவர்களைப் பற்றி 1998-இல் வெளியான ஆய்வில், வந்து இறங்கிய நேரத்தில்தான் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. இரண்டுமே படிக்கவோ ஆராய்ச்சிக்கோ போனவர்களைப் பற்றியவை, மகள் வீட்டுக்கு வந்த வயதானவர்களைப் பற்றியவை அல்ல. எனவே நாலாம் வாரத்தில் அம்மா அழுதால் வளைகோட்டின் பள்ளம் என்று காத்திருக்க வேண்டாம், என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. பழகிய வீட்டில் பழகிய ஒழுங்கின் உதவியால் மறைந்திருந்த ஞாபகக் குறைவு, புது இடத்தில் வெளியே தெரியலாம். கழிப்பறை எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்பது, மாலை ஆனால் தடுமாறுவது, எந்த ஊரில் இருக்கிறோம் என்று குழம்புவது. முதல் சில நாட்களில் இது தூக்கக் குறைவாக இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம், அது தொற்றோ மருந்துக் கோளாறோ ஆக இருக்கலாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அப்பாடா என்று தோன்றும். எனக்குத் தெரிந்து தோன்றாதவர்கள் குறைவு, அவர்களில் பெற்றோரை உயிராக நினைப்பவர்களும் உண்டு. மூன்று மாதம் இரண்டு மொழியில், இரண்டு குடும்பத்துக்கு நடுவில் வேலை செய்த உடம்பு அது, ஓய்வு கேட்கும். அந்தப் பெருமூச்சு கசப்பாகிவிடாமல் இருக்க, வாரத்தில் ஒரு மாலை நீங்களும் கணவரும் வெளியே போங்கள். ஒரு மாலை நீங்கள் தனியாக இருங்கள், யாரிடமும் எதையும் மொழிபெயர்க்காமல். முக்கியமானது, முதல் வாரத்திலேயே இதைத் தொடங்குவது. அப்போது தொடங்கினால் அது வீட்டு வழக்கம். ஒரு மனஸ்தாபத்துக்குப் பிறகு தொடங்கினால் அவர்களை விட்டு ஓடுவதாகத் தெரியும்.

கடைசியில் காகித வேலைகள், வேகமாக. மருந்துகள் மூன்று மாதத்துக்கும் போதுமான அளவில், அவற்றின் சொந்த உறையில், கைப்பையில் வரட்டும். மருத்துவரின் சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் வெளிநாட்டு மருந்துக்கடைக்காரருக்குப் புரியாது, உள்ளே இருக்கும் மருந்தின் மூலப்பெயரும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வலிக்கும் இருமலுக்கும் தருகிற சாதாரண மருந்துகளிலேயே சில நாடுகளில் தடை உண்டு: கோடீன், டிரமடால் ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி கேட்கும், சூடோஎபிட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுவர முடியாது. அப்பா இன்சுலின் போடுபவரென்றால் நேர மாற்றத்துக்கான அளவை ஊரிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கட்டும். விமான நிலையத்தில் மொழி தெரியாமல் தடுமாறுவார்கள் என்று பயமிருந்தால், நடக்க முடிந்தவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்க வேண்டியதில்லை, துணைக்கு ஆள் அனுப்பும் சேவை இருக்கிறதா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

காப்பீட்டில் ஒரே ஒரு பகுதியைத் தேடிப் படியுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றியதை. சில திட்டங்கள் அவற்றை முழுசாக ஒதுக்கிவிடும். சில, திடீரென்று தீவிரமானால் மட்டும் தரும், அதிலும் வயது வரம்பு வைக்கும். அப்பாவின் ரத்த அழுத்தத்தால் மாரடைப்பு வந்தால் தருவீர்களா என்று நேராகக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. அமெரிக்கா என்றால், விசாவில் அச்சிட்ட தேதியைப் பார்த்து டிக்கெட் போடக் கூடாது, உள்ளே வரும்போது தருகிற தங்கும் தேதிதான் கணக்கு. ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று என்றால், காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், தங்குவது எந்த 180 நாளிலும் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள்: ஜூன் 1 இறங்கி ஆகஸ்ட் 31 கிளம்பினால் 92 நாள். டிக்கெட் போடுவதற்கு முன் எண்ணிவிடுங்கள்.